எண்பதாவது கட்டத்தில் ஒரு நட்சத்திரம்

என் அருமை அஞ்சலை,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் உனக்குக் கடிதம் தொடங்கிப் பழக்கம். இப்போதும் கை தானாக அதைத்தான் எழுதியது. பிறகு அடித்துவிட்டேன். நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இதற்குள் எத்தனை கடிதம் எழுதி எத்தனையைக் கிழித்தேன் என்று எனக்கே தெரியாது. இதைக் கிழிக்கப் போவதில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி அழுதுவிட்டுப் போனால், நான் செய்ததற்கு அது போதாது.

படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். உனக்குத் தெரியாத கதையும் இதில் இருக்கிறது. அதைக் கேட்க நீ இருக்கும்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செங்கல்பட்டில் அந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில்தான் உன்னை முதலில் பார்த்தேன். நான் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவிலிருந்து நடந்தே வந்துவிடுவேன். நீ திருப்போரூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, கூட்டத்தில் நசுங்கி, தலையில் வைத்த கனகாம்பரம் பாதி உதிர்ந்துபோய் வந்து நிற்பாய். என்னைவிட இரண்டு வயது சின்னவள். வந்த முதல் நாளே, "அக்கா, இந்த மிஷினு இன்னா இப்படி கத்துது?" என்று கேட்டாய். கூடப் பிறந்தவள் மாதிரி அவ்வளவு சுலபமாக அக்கா என்றாய். எங்கள் வீட்டில் எனக்கு ஒரே ஒரு அண்ணன்தான். தங்கை என்று யாரும் இல்லை. அன்றிலிருந்து நீதான்.

பயிற்சித் தாளைச் சுற்றி நட்சத்திரக் குறியாக அடித்து வேலி கட்டுவாய், ஞாபகம் இருக்கிறதா? மாஸ்டர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது இன்னா பேப்பரா, கல்யாணப் பந்தலா?" என்றார். நீ கொஞ்சமும் அசராமல், "பந்தலுதான் சார். எழுத்துமேல வெயில் படாம கீது பாருங்க" என்றாய். அந்த மனிதருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மதிப்பெண்ணை மட்டும் குறைத்துக்கொண்டார். எனக்கு எழுதுகிற கடிதத்திலும் உன் பெயருக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு நட்சத்திரம் போடுவாய். எதற்கடி இது என்று கேட்டால், "சும்மா, அழகுக்கு" என்பாய்.

பாஸ் செய்த கையோடு எனக்குத் தாம்பரத்தைத் தாண்டி ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று எனக்கே தெரியாது. அதை நான் பார்த்ததும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுதான். என் வேலை அட்டை அடிப்பது. ஒரு நீள அட்டை. அதில் எண்பது கட்டம். பொத்தானை அழுத்தினால் ஒரு கட்டத்தில் ஓட்டை விழும், அட்டையின் மேல் விளிம்பில் அந்த எழுத்தோ எண்ணோ பொடியாக அச்சாகும். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. பெயர், எண், ஊர், வயது எல்லாம் ஓட்டையாகவே உள்ளே போகும். உனக்கு இதை விளக்கியபோது, "மனுசனெல்லாம் சல்லடையா போறான்னு சொல்லு" என்றாய்.

எங்கள் அறையில் பதினோரு பெண்கள். எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. யார் அதை ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நான் சேர்வதற்கு முன்பே இருந்தது. தெரிந்தவர்கள் பெயரில் ஒரு விண்ணப்பம் வந்துவிட்டால், அந்த அட்டையின் கடைசிக் கட்டத்தில், அதாவது எண்பதாவதில், ஒரு நட்சத்திரத்தை அடித்துவிடுவோம். அந்தக் கட்டம் எப்போதும் காலி. சரிபார்க்கிற இயந்திரமும் அதைத் தொடாது, அச்சடிக்கிற இயந்திரமும் அதைப் படிக்காது. யாருக்கும் தெரியாமல் ஒரு வாழ்த்து. கோயிலில் ஒருவர் பெயருக்கு அர்ச்சனை செய்கிற மாதிரி என்று பக்கத்து மிஷின் சரோஜா சொல்வாள். நான், எங்கள் தர்காவில் நூல் கட்டுகிற மாதிரி என்பேன். பதினோரு பேரும் அதை மனதார நம்பினோம்.

அந்த ஆடியில்தான் ஒரு பெரிய அலுவலகம் குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுக்க விண்ணப்பம் கேட்டது. உன் வீட்டில் நடந்த சண்டையை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெண்ணுக்கு வேலை எதற்கு என்று உன் நைனா குதித்திருக்கிறார். நீ மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாய். கடைசியில் அவர் ஒரு கெடு வைத்தார். "தை பொறக்கறதுக்குள்ள கடுதாசி வந்தா நீ வேலைக்குப் போ. வரலியா, நான் காட்டற எடத்துல கழுத்த நீட்டணும். அப்புறம் பேச்சு கெடையாது." நீ சரி என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாய். பரீட்சை எழுதிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாய். என் அம்மா கொடுத்த சேமியாவை மூன்று கிண்ணம் தின்றாய். "அக்கா, ஒரு கேள்வி வுடல. எழுதித் தள்ளிட்டேன்" என்றாய். உன் முகத்தை அப்படி அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்தப் பரீட்சையின் அட்டை வேலை எங்கள் சென்டருக்கே வந்தது. உன் விண்ணப்பம் என் தட்டிலேயே வந்து விழுந்தது. ஏ. அஞ்சலை. தந்தை பெயர் ஏழுமலை. தந்தையின் தொழில் விவசாயம். உன் கையெழுத்து, அந்தச் சாய்ந்த 'அ'. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். முடித்துவிட்டு, சூப்பர்வைசர் அம்மா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எண்பதாவது கட்டத்துக்கு நகர்த்தி ஒரு நட்சத்திரம் போட்டேன். அட்டையின் வலது மூலையில் அழகாக அச்சானது. உன் நட்சத்திரம்தானே அது? உன்னுடைய பந்தல் கால்தானே?

இனிமேல்தான் உனக்குத் தெரியாத கதை.

இரண்டு வாரம் கழித்து சூப்பர்வைசர் அம்மா எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசினார். "இந்த பரீட்ச வேலையில மட்டும் லாஸ்ட் கட்டத்த யூஸ் பண்ணப் போறோம். சர்ட்டிஃபிகேட்டு சரியா குடுக்காதவங்க லிஸ்ட் ஒண்ணு வந்துக்கீது. அவங்க கார்டுல எண்பதாவதுல எதுனா ஒரு ஓட்ட போடுங்க. நீங்கதான் நட்சத்திரம் போடுவீங்களே, அதையே போடுங்க. ஓட்ட இருந்தா மிஷினு ஆள ஒதுக்கி வெச்சிடும்." எங்கள் பழக்கம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. உன் அட்டையில் ஏற்கெனவே ஒரு நட்சத்திரம் இருந்தது. அந்தக் கட்டத்தில் நான் எந்தப் பொத்தானை அழுத்தியிருந்தாலும் இதே கதிதான். ஓட்டை என்றால் ஒதுக்கு. அவ்வளவுதான் அந்த மிஷினுக்குத் தெரியும்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். "அம்மா, ஒரு தப்பு செஞ்சுட்டேன், ஒரு அட்டையை மட்டும் தேடி எடுக்கணும்" என்று. ஆயிரக்கணக்கான அட்டைகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. தேடினால் ஒரு நாள் வேலை. திட்டியிருப்பார். மன்னிப்பு எழுதி வாங்கியிருப்பார். வேலையைவிட்டு நிறுத்தினாலும் நிறுத்தியிருப்பார். அஞ்சலை, எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் பயம். எங்கள் தெருவில் வேலைக்குப் போன முதல் பெண் நான். அத்தா, அதுதான் எங்கள் அப்பா, போன பிறகு வீட்டில் அண்ணன் சொல்வதுதான் சட்டம். அவன் தினமும் காலையில் வாசலில் நின்று, "ஒரு பேச்சு வந்துச்சு, அன்னியோட நீ வூட்டுக்குள்ள" என்று சொல்லித்தான் என்னை ரயிலுக்கு அனுப்புவான். அந்த ஒரு பேச்சுக்காக அவன் காத்துக்கொண்டிருந்தான்.

நான் வாயை மூடிக்கொண்டேன். யாராவது கவனித்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒற்றை நட்சத்திரம்தானே என்று சொல்லிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு நாள் சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது நாள் பெட்டிகளைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். நான் வெளியே போகிற கதவு திறந்திருக்க வேண்டும் என்று உன் கதவைச் சாத்தினேன். இதை வேறு எப்படிச் சொல்வது?

கார்த்திகையில் பட்டியல் அச்சாகி வந்தது. அகலமான தாள், மடிப்பு மடிப்பாக, ஒரு ஆள் உயரத்துக்கு. அதை மடிப்பில் கிழித்து அடுக்குகிற வேலையை எனக்கே கொடுத்தார்கள். பெயர், எண், மதிப்பெண், பக்கத்தில் தேறியவர், தேறாதவர். அஞ்சலை, நீ தேறியிருந்தாய். சும்மா தட்டுத் தடுமாறி அல்ல, அந்தப் பக்கத்தில் உன்னைவிட அதிகம் வாங்கியவர்கள் இரண்டே பேர்தான். வரியின் கடைசியில், வலது ஓரத்தில், ஒரு நட்சத்திரம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். கிழித்தேன். மற்ற தாள்களோடு அடுக்கினேன். கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மீதியையும் அடுக்கினேன்.

நட்சத்திரம் விழுந்தவர்களுக்குக் கடிதம் போகாது. அவர்களாகவே வந்து கேட்டால் சர்ட்டிஃபிகேட்டை வாங்கிப் பார்ப்பார்கள், கேட்காவிட்டால் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும். இதையும் நான் விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தேன். நீ ஒரு தடவை போய்க் கேட்டிருந்தால் போதும். அது உனக்கு எப்படித் தெரியும்?

தை பிறந்தது. கடிதம் வரவில்லை. மாசியில் ஒரு நாள், "அக்கா, மகாபலிபுரம் போலாமா? கல்யாணத்துக்கு அப்பால நம்மள எங்க வுடப் போறாங்க?" என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழேயும் ஒரு நட்சத்திரம். அன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன்.

கடற்கரைக் கோயிலுக்குத் தள்ளி, வலை காயப் போட்டிருந்த பக்கம் உட்கார்ந்தோம். சிற்பிகள் உளியடிக்கிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. நீ சுண்டலைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாய். காற்றில் தாள் படபடத்தது. திடீரென்று கேட்டாய்.

"அக்கா, நீ அந்த எடத்துலதான வேல செய்ற. எம்பேரு எங்கியாச்சும் ஒங்கண்ணுல பட்டுச்சா?"

இப்படி நேராகக் கேட்பாய் என்று நான் நினைக்கவில்லை. வரிசைப்படுத்தி வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. "ஆயிரம் பேரு வருதுடி. யாரு கண்டா?" என்றேன். என் வாயால் இதைச் சொன்னேன்.

"அதுவும் சரிதான்" என்றாய். பிறகு சொன்னாய்: "நான் பரீட்சயே எழுதலியாம். எழுதறேன்னு சொல்லிட்டு அன்னிக்கு பூரா செங்கல்பட்டுல ஊர் சுத்திகினு இருந்தேனாம். நைனா தெருவுல எல்லாராண்டயும் சொல்லிகினு கீறாரு. எழுதியிருந்தா ஒரு தகவலாவது வந்திருக்குமாம்."

"நீ ஒரு தடவ நேர்ல போய்க் கேட்டுப் பாரேன்" என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

நீ சிரித்தாய். "தேறாதவ போய் ஏன் தேறலன்னு கேட்டா, ஆபீசுல வேற சிரிப்பாங்க. வூட்ல வாங்கறது பத்தாதா?" என்று சொல்லிவிட்டு, எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாய். நான் இன்னொரு தடவை சொல்லவில்லை. 'கேளுடி, கட்டாயம் கேளு' என்று கையைப் பிடித்து இழுத்திருந்தால் போயிருப்பாய். ஏன் இத்தனை வற்புறுத்துகிறாள் என்று உனக்குச் சந்தேகம் வந்துவிடுமோ என்று பயந்தேன். உன் சந்தேகத்துக்குக்கூடப் பயந்தவள்தான் நீ அக்கா என்று கூப்பிட்ட இந்த ஜமீலா.

பங்குனியில் உன் கல்யாணம். கல்பாக்கம் போகிற வழியில் ஒரு கிராமம். மாப்பிள்ளை நல்ல மனுஷன். அதில் எனக்கு ஒரு அற்ப நிம்மதி. அவனைக் குறை சொல்ல முடியாது, உன் மாமியாரையும் குறை சொல்ல முடியாது. யாரையாவது சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! இரண்டாம் வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முற்றிப்போன பிறகு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

வார்டில் உன்னை வந்து பார்த்தேன். கண்ணெல்லாம் மஞ்சள். கை குச்சி மாதிரி. என்னைப் பார்த்ததும் உனக்கு எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ தெரியவில்லை.

"அக்கா, அவுரு சரின்ட்டாரு. வர்ற வருசம் திரும்பவும் அப்ளிகேசன் போடப் போறேன். இந்த தபா நல்லா படிக்கணும். போன தபா எங்கியோ கோட்ட வுட்டுக்கீறேன், இன்னான்னுதான் தெரியல."

நீ எங்கும் கோட்டை விடவில்லையடி என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த கட்டிலில் ஆள் இருந்தது. உன் புருஷன் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான். உடம்பு தேறி வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். "போடு, கட்டாயம் போடு" என்றேன். நீ தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனாய். நாலாம் நாள் நீ இல்லை. உன் கடைசி நினைப்பில் நீ தேறாதவள். அதை மாற்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அந்த வார்த்தை என் வாயில் இருந்தது.

வேலை கிடைத்திருந்தால் மட்டும் உனக்குக் காமாலை வந்திருக்காதா என்று சரோஜா ஒரு தடவை கேட்டாள். அவளிடம் மட்டும் பாதிக் கதையைச் சொல்லியிருந்தேன். ஆறுதலுக்குத்தான் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் உருண்டிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு மனுஷருக்குச் செய்த கெடுதலை அவர் மன்னிக்காமல் ஆண்டவன் மன்னிப்பதில்லை என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். தொழுதுவிட்டுக் கையேந்தும்போதெல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறேன். நீ இல்லை. யாரிடம் கேட்பது? அந்த வாசலை நானே அடைத்துவிட்டேன்.

இங்கே எல்லாம் மாறிவிட்டது, அஞ்சலை. அட்டையெல்லாம் குறைந்துவிட்டது. டி.வி. பெட்டி மாதிரி ஒரு சின்னத் திரை வைத்த மிஷின்கள் வந்திருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் எழுத்து பச்சையாக மின்னுகிறது, பிடிக்கவில்லை என்றால் அழித்துக்கொள்ளலாம். அழித்த சுவடே தெரியாது. புதிதாக வந்த பெண்களுக்கு அது ஒரு விளையாட்டு. வேலை இல்லாத நேரத்தில் தங்கள் பெயரை அடித்து, முன்னும் பின்னும் நட்சத்திரமாக வரிசை கட்டுகிறார்கள். போன மாதம் ஒருத்தி உண்மையான பட்டியலிலேயே ஒரு பெயருக்குப் பக்கத்தில் ஒன்று போட்டாள். நான் எழுந்து போய்க் கத்தின கத்தலில் அறையே திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "சும்மா, அழகுக்குத்தாங்க்கா" என்றாள்.

உன் வார்த்தை. உன் குரல் மாதிரியே இருந்தது. எனக்குப் பின்னால் சிடுமூஞ்சி அக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். அன்று மட்டும் அந்தச் சிடுமூஞ்சி அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து அழுதது.

அழுது முடித்து நேராகச் சூப்பர்வைசர் அம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கெட்டவர் இல்லை. பிறகு சொன்னார்: "அந்த கார்டெல்லாம் எப்பவோ பழைய பேப்பருக்குப் போயாச்சு ஜமீலா. இப்ப அந்தப் பொண்ணும் இல்ல. நீ வெளியில சொன்னா உன்ன வெச்சிக்க முடியாது, என்னையும் கேப்பாங்க. மனசோட போட்டு வெச்சிக்கோ." மனதோடு போட்டு வைத்ததுதானே இத்தனையும். அவருக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

போன ஞாயிறு காலை பஸ் ஏறித் திருப்போரூர் வந்தேன். கிருத்திகைக் கூட்டம். நடந்தே உன் வீட்டுக்குப் போனேன். உன் நைனா வாசலில் சவுக்குக் கழிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்து, "வாம்மா, செங்கல்பட்டுப் பொண்ணுதான நீ?" என்று எழுந்தார். உன் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவோரமாக நின்றாள். நான் பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்து அவரிடம் காட்டினேன். எதில் பெயர் வரும், எதில் எண் வரும், எண்பதாவது கட்டம் எது என்று விரல் வைத்துச் சொன்னேன். அதில் நான் என்ன செய்தேன் என்று சொன்னேன். தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்பதையும் சொன்னேன். எதையும் விடவில்லை. மகாபலிபுரத்தில் நீ கேட்டதையும், நான் சொன்ன பதிலையும்கூட.

அறைவார் என்று நினைத்தேன். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப எம்பொண்ணு பாஸா?" என்று கேட்டார்.

"பாஸ் நைனா. நல்ல மார்க்கு."

"பரீட்ச எழுதிச்சா?"

"எழுதினா. ஒரு கேள்விகூட விடல."

"பாஸா?" என்று மறுபடியும் கேட்டார். அந்த ஒரு சொல்லையே இன்னும் இரண்டு தடவை கேட்டார். நானும் ஒவ்வொரு தடவையும் பாஸ், பாஸ் என்றேன். உன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டே கீழே சரிந்து உட்கார்ந்தாள். அவர் தன் வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்தார்.

"எம்பொண்ண அடிச்சேன்மா" என்றார். "தை மாசம். கடுதாசி வரலன்னதும், உண்மைய சொல்லு, பரீட்ச எழுதினியா இல்லியான்னு கேட்டேன். எழுதினேன்னுச்சு. பொய் சொல்றியான்னு அடிச்சேன். எழுதினேன் நைனான்னுச்சு. திரும்ப அடிச்சேன். அப்பால ஒண்ணும் சொல்லாம நின்னுகினு இருந்துச்சு. ஒத்துக்கினுச்சுன்னு நெனச்சேன்."

நீ இதை என்னிடம் சொல்லவே இல்லை, அஞ்சலை. மாசியில் என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, கையில் சுண்டலோடு சிரித்தாயே, அப்போது உன் உடம்பில் அந்த அடி இருந்ததா? வீட்டில் வாங்குவது பத்தாதா என்று நீ சொன்னது இதைத்தானா? எனக்கு ஏன் அப்போது உறைக்கவில்லை?

என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் போனேன். அதைக் கொண்டுபோய் அந்த மனுஷர் தலையில் வைத்தேன். தன் பெண் பொய் சொல்லிவிட்டுச் செத்துப்போனாள் என்று நினைத்திருந்தவருக்கு, உண்மை சொன்ன பெண்ணை அடித்தேன் என்பதைக் கொடுத்துவிட்டு வந்தேன். எது பெரிய கொடுமை? சொல்லாமல் விட்டிருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பாரா? அப்படியென்றால் நீ என்றைக்கும் பொய்க்காரிதானா? எந்தப் பக்கம் புரண்டாலும் குத்துகிறது.

கிளம்புகிற நேரத்தில் அவர் என் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் வந்தார். பஸ் வருகிற சத்தம் கேட்டதும்தான் வாயைத் திறந்தார்.

"இந்தத் தெருவுல ஒரு வூடு பாக்கி இல்லாம நான் சொல்லிக்கீறேன், எம்பொண்ணு பொய்க்காரின்னு. இப்ப நான் போயி இல்லன்னா, செத்தவளுக்காக பெத்தவன் பேசறான்னுவாங்க. நீ வாம்மா. வர்ற ஞாயித்துக்கெழம வா. உன் வாயால சொல்லு. நான் கூட நிக்கறேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து அண்ணனிடமும் சொன்னேன், இது வெளியே வந்தால் என் வேலை போய்விடும் என்று. அவன் காத்திருந்த பேச்சு இதுதான். ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அஞ்சலை, உன் தெருவில் பத்தொன்பது வீடு. நாளை மறுநாள் ஞாயிறு. உன் நைனாவோடு ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்பேன். அஞ்சலை பரீட்சை எழுதினாள், தேறினாள், அவளுக்கு வர வேண்டிய கடிதத்தைத் தடுத்தது நான் என்று சொல்வேன். கதவைச் சாத்தினால் திறக்கும்வரை நிற்பேன். காறித் துப்பினால் துடைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவேன். பத்தொன்பதாவது வீட்டையும் முடித்துவிட்டு, பஸ்ஸைப் பிடித்து உன் புருஷன் ஊருக்கும் போவேன். உன்னிடம் சொல்லாத ஒரே வார்த்தையை உன்னைத் தவிர எல்லோரிடமும் சொல்லப்போகிறேன். சத்தியம்.

இனி யாருக்கும் அக்காவாக இருக்கத் துணியாத,
உன் அக்கா,
ஜமீலா